ரிம்மாவின் கோப்பை உறைந்த நாள்

ரிம்மா கவ்ரிலொவ்னாவுக்குப் பொறுமை என்பது மருந்துக்கும் கிடையாது. சூப் கொதிப்பதற்குள் நாலு தடவை மூடியைத் திறந்து பார்ப்பாள். பஸ் வருகிறதா என்று நடுரோட்டில் போய் நிற்பாள். அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த வேலையைப் பாருங்கள்: அழுத்தமானியின் முள்ளைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கும் வேலை. மூன்று வருஷம் வடக்கில் இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பிவிடலாம் என்றுதான் புருஷன் தீஹனோடு தம்போவிலிருந்து வந்தாள். எங்கள் ஊரான மொரோஷ்கினோவுக்கு வந்த எல்லோரும் அப்படிச் சொல்லிக்கொண்டு வந்தவர்கள்தான். ஒருத்தரும் திரும்பவில்லை.

அவள் பொறுப்பில் இருந்தது ஏழாம் நம்பர் வாயுக் கிணற்றுக் கூட்டம். அடியிலிருந்து வாயு வெதுவெதுப்பாகத்தான் வரும். ஆனால் தனியாக வராது, தண்ணீரையும் ஆவியாகக் கூட்டிக்கொண்டு வரும். உறைந்த மண்ணின் மேல் கிடக்கும் குழாயில் அது ஓடி ஓடிக் குளிரும்போதுதான் வம்பு ஆரம்பிக்கும். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் எல்லோரும், "குழாய்ல தண்ணி உறைஞ்சுபோச்சா?" என்று கேட்பார்கள். ரிம்மாவுக்கு எரிச்சல் வரும். உறையவே வேண்டாம். கோடையில், கொசு பிடுங்கும் நாட்களில்கூட அது நடக்கும். அழுத்தம் போதுமான அளவு இருந்து, கொஞ்சம் குளிர்ச்சியும் இருந்தால், தண்ணீர் தன்னைச் சின்னச் சின்ன அறைகளாகக் கட்டிக்கொள்ளும். ஒவ்வொரு அறைக்குள்ளும் வாயு போய்க் குடியேறிவிடும். குடியிருக்க ஆள் வந்துவிட்டதால் அந்த வீடு இடியாது. பார்ப்பதற்குப் பனிக்கட்டி போலவே இருக்கும், ஆனால் தண்ணீர் உறைய வேண்டிய குளிர் வருவதற்கு ரொம்ப முன்னாலேயே கெட்டியாகிவிடும். ஹைட்ரேட் என்று அதற்குப் பெயர். குழாயின் உள்சுவரில் ஒட்டி, தடித்து, ஒரு நாள் குழாயையே அடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடும்.

அது வராமல் இருக்க ஒரே வழி மெத்தனால். சின்ன பம்பு ஒன்று டிக் டிக் என்று கிணற்று வாயிலேயே அதைக் குழாய்க்குள் சொட்டிக்கொண்டிருக்கும். தண்ணீரை அது தன் பக்கம் இழுத்துக்கொள்வதால் வீடு கட்டத் தண்ணீருக்குக் கை ஒழியாது. அந்த மெத்தனால்தான் எங்கள் ஊரின் எமனும். வாசனை சாராயம் போல, நிறமும் சாராயம் போல. ஒரு மடக்கு கண்ணைக் கொண்டுபோகும், ரெண்டு மடக்கு ஆளையே கொண்டுபோகும். யாரும் குடித்துவிடக் கூடாதென்று அதில் நாற்றமருந்தும் சாயமும் கலப்பார்கள். இந்தக் கதை நடந்த வருஷம் ரெண்டும் வரவில்லை. வரும், வரும் என்றார்கள். மெத்தனால் பச்சைத் தண்ணீர் மாதிரிப் பளிச்சென்று வந்து இறங்கியது.

சாப்பாட்டுக்கூடத்தில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருக்கும் அபோன்யாவை எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். அவனுக்குக் கண் போனது, சில வருஷத்துக்கு முன்னால் மெத்தனாலைச் சாராயம் என்று குடித்துத்தான். அன்றைக்கு அந்த மேஜையில் தீஹனும் உட்கார்ந்திருக்க வேண்டியவன். வண்டி டயர் வழியில் கிழிந்ததால் தாமதமாக வந்தான், அதனால் பிழைத்தான். அதுவரை தீஹன் குடித்த குடிக்கு அளவில்லை. மறுநாளிலிருந்து தொடவில்லை. தொடவில்லை என்று அவன் சொன்னான். ரிம்மா நம்பினாளா? தினமும் சாயங்காலம் வீட்டு வாசலில் அவனை நிறுத்துவாள்.

"ஊது."

அவன் குனிந்து அவள் முகத்தில் ஊதுவான். வெங்காயமும் தேநீரும் வாசனை வந்தால் உள்ளே விடுவாள். வருஷக்கணக்கில் இது நடந்தது. அக்கம்பக்கத்தில் சிரிப்பார்கள். "என்ன தீஹன், சோதனைச்சாவடி தாண்டியாச்சா?" என்று மாடிப்படியில் கேட்பார்கள். அவன் தொப்பியைக் கழற்றி ஆட்டிவிட்டுப் போய்விடுவான். இவ்வளவு கண்காணிப்புக்குள் இருந்தவனைத்தான் நிர்வாகம் மெத்தனால் லாரிக்கு ஓட்டுநராகப் போட்டது. குடிக்காதவன் கையில்தான் அதைக் கொடுப்பது எங்கள் வழக்கம். அந்த வேலை கிடைப்பது ஒரு மெடல் கிடைப்பது மாதிரி.

மார்ச் மாதம். வெயில் வந்துவிட்டது, குளிர் போகவில்லை. காலையில் ரிம்மா வேலைக்கு வந்து மேல்சட்டையைக் கழற்றுவதற்குள் முள்ளைப் பார்த்துவிட்டாள். கிணற்றுப் பக்கம் அழுத்தம் ஏறியிருந்தது, வாயு போய்ச் சேரும் நிலையத்தின் பக்கம் இறங்கியிருந்தது. நடுவில் எங்கேயோ அடைத்துவிட்டது.

"நஸீரா, பம்பு நின்னுபோச்சா பாரு!"

கூட வேலை பார்க்கும் நஸீரா ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். "ஓடுது கவ்ரிலொவ்னா. டேங்க்கும் ஃபுல்லா இருக்கு. முந்தாநாள்தானே உங்க வீட்டுக்காரர் வந்து நிரப்பிட்டுப் போனார்."

பம்பு ஓடுகிறது. டேங்க் நிறைந்திருக்கிறது. அப்படியென்றால் அடைக்கவே கூடாதே. ரிம்மா ஒரு தகரக் கோப்பையை எடுத்துக்கொண்டு பம்பறைக்குப் போனாள், டேங்க்கின் அடிக்குழாயைத் திறந்து கொஞ்சம் பிடித்தாள். முகர்ந்தாள். சாராய வாடை இருந்தது. ஆனால் கழுவின கிளாஸில் மிச்சமிருக்கும் வாடை அளவுக்குத்தான். கோப்பையை வெளியே கொண்டுபோய்ப் படியில் வைத்தாள்.

மெத்தனால் எங்கள் குளிரில் உறையாது. எங்கள் குளிருக்கே அது சவால். உள்ளே வந்து தேநீர் ஊற்றினாள், குடிக்கவில்லை. நாலு தடவை கதவைத் திறந்து பார்த்தாள். ஐந்தாவது தடவை கோப்பையின் ஓரத்தில் வெள்ளையாக ஒரு வளையம் விழுந்திருந்தது. பிறகு பார்த்தபோது விரலால் அழுத்தினாள். அமுங்கவில்லை.

டேங்க்கில் இருந்தது தண்ணீர். அடைப்பு வராமல் இருக்கச் சொட்டவேண்டிய பம்பு, முந்தாநாளிலிருந்து அடைப்புக்குத் தண்ணீர் வார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. நிரப்பினவன் தீஹன். மெத்தனாலை எடுத்துக்கொண்டு அந்த அளவுக்குத் தண்ணீரை ஊற்றிச் சரிக்கட்டியிருக்கிறான். வேறெப்படி வரும்? எடுத்தது எங்கே? அவன் குடித்திருந்தால் இந்நேரம் செத்திருக்க வேண்டும். காலையில் நன்றாகத்தான் இருந்தான், ரெண்டு முட்டை சாப்பிட்டான். அப்படியானால் யாருக்கோ கொடுத்திருக்கிறான். யாரோ ஒருவன் இன்று சாயங்காலம் மேஜையில் அதை வைத்துக் கிளாஸ் கழுவப் போகிறான். அன்றைக்குச் சனிக்கிழமை.

ஷிப்ட் பொறுப்பாளர் வ்செவலத் இல்யிச் வந்து சேர்ந்தார். நல்ல மனுஷர், குரலை உயர்த்தத் தெரியாதவர். வந்தவுடன் கிணறுகளை மூடச் சொன்னார். கோப்பையைக் கையில் வாங்கிக் கவிழ்த்தார். ஒன்றும் விழவில்லை.

"யார் ரொப்புனது?" என்றார். அவருக்கே தெரியும்.

"தீஹன்."

மெத்தனால் காணாமல் போனால் அடுத்த நிமிஷமே ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டும். அதுதான் விதி, அபோன்யா கண் போன பிறகு வந்த விதி.

"நீ போ, ரிம்மா. வீட்டுக்குப் போ. ரேடியோவுல நான் சொல்லிக்கறேன். பேரு சொல்ல மாட்டேன்."

"பேரு சொன்னாத்தான் தெரியணுமா? மெத்தனால் வண்டி ஊர்ல ஒண்ணுதானே இருக்கு?"

"அதுக்குத்தான் சொல்றேன். உன் வாயால வேணாம்."

"நீங்க சொன்னா யாரு கேப்பாங்க, இல்யிச்? மாசத்துக்கு ஒரு தடவை குடிக்காதீங்கன்னு ரேடியோல சொல்றீங்க. அத கேட்டுக்கிட்டே குடிக்கிறானுங்க." அவள் சால்வையைக் கட்டிக்கொண்டாள். "தீஹன் பொண்டாட்டி சொன்னா கீழ ஊத்துவானுங்க."

அவர் தடுக்கவில்லை. தடுத்திருக்கலாம் என்று பிறகு சொல்லுவார். ரிம்மாவுக்கு ரேடியோ அறைக்குப் போகும் வழி நெடுக ஒரே ஒரு நினைப்புதான். இவனை நான் வாசலில் நிறுத்தி ஊதச் சொன்னதெல்லாம் வீண். வாயைக் காட்டிவிட்டு வண்டியில் கொண்டுபோயிருக்கிறான்.

எங்கள் ஊரில் ஒவ்வொரு வீட்டுச் சமையலறையிலும் சுவரில் ஒரு ரேடியோப் பெட்டி இருக்கும். வானிலை, பள்ளிக்கூட லீவு, கடையில் என்ன வந்திருக்கிறது எல்லாம் அதில்தான். அன்றைக்கு மதியம் அதில் ரிம்மாவின் குரல் வந்தது. கேட்டவர்கள் யாரும் மறக்கவில்லை.

"நான் ரிம்மா பேசறேன், ஏழாம் நம்பர்ல வேலை பாக்கறேன். தீஹன் பொண்டாட்டி. மெத்தனால் கொறையுது. நாத்தமருந்து போடாதது. யார்கிட்ட இருந்தாவது சீல் இல்லாத சாராயம் வாங்கியிருந்தா, கடையில வாங்கினதா இருந்தாலும் மூடி திறந்திருந்தா, குடிக்காதீங்க. ஊத்திருங்க. யாரு குடுத்தாங்கன்னு நான் கேக்கல. அபோன்யாவ நெனச்சுப் பாருங்க. அவ்வளவுதான்."

ஊற்றினார்கள். சாமி சத்தியமாக ஊற்றினார்கள். ஐந்தாம் நம்பர் கட்டடத்துக் கழிவுக்குழாயில் அன்றைக்கு ஓடின சாராயத்தைப் பற்றி இன்றும் பெருமூச்சு விடுகிறவர்கள் உண்டு.

தீஹன் அப்போது சாப்பாட்டுக்கூடத்தில் முட்டைக்கோஸ் சூப்பின் முன்னால் உட்கார்ந்திருந்தான். அங்கேயும் சுவரில் பெட்டி இருந்தது. பிறகு அபோன்யாதான் ரிம்மாவிடம் சொன்னான். குரல் நின்றதும் கூடம் முழுக்கக் கரண்டிச் சத்தமும் நின்றுவிட்டதாம். கண்ணில்லாதவன், அதனால் எல்லோரும் யார் பக்கம் திரும்பினார்கள் என்று அவனுக்குத் தெரியவில்லை.

"தீஹன், அது உன் வீட்டுக்காரி குரல்தானே?" என்று கேட்டிருக்கிறான்.

"ஆமா," என்று தீஹன் சொல்லியிருக்கிறான். ரொட்டியை மேஜையில் வைத்துவிட்டு எழுந்து போயிருக்கிறான்.

நேராக ஏழாம் நம்பருக்கு வந்தான். தொப்பிகூடப் போடவில்லை, காது சிவந்து கிடந்தது. ரிம்மா முள்ளின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். இல்யிச் இருந்தார், நஸீராவும் இருந்தாள். அவர்கள் முன்னாலேயே குனிந்து பெண்டாட்டியின் முகத்தில் ஊதினான்.

"முகர்ந்து பாரு."

முட்டைக்கோஸ் வாடைதான் வந்தது.

"நீ குடிச்சேன்னு நான் சொல்லல தீஷா. யாருக்குக் குடுத்த?" வீட்டில் கூப்பிடும் செல்லப்பெயரில்தான் கேட்டாள்.

"யாருக்கும் குடுக்கல."

"அப்ப டேங்க்ல தண்ணி எப்படி வந்துச்சு? வானத்துலருந்து பெய்ஞ்சுதா?"

தீஹன் பம்பறைப் பக்கம் திரும்பிப் பார்த்தான். பொய் சொல்லுகிறவனாக இருந்தால் பதில் தயாராக இருந்திருக்கும். இது ரிம்மாவுக்குப் பிறகு எத்தனையோ நாள் தோன்றியது, அந்த நேரத்தில் தோன்றவில்லை. இல்யிச்தான் மெதுவாகக் கேட்டார், "அன்னைக்கு வேற எங்கெல்லாம் நிரப்புன?"

"மொதல்ல இங்க. அப்புறம் எட்டு, அப்புறம் பதினொண்ணு."

எட்டிலிருந்தும் பதினொன்றிலிருந்தும் கோப்பையில் பிடித்துக்கொண்டு வரச் சொன்னார். படியில் வரிசையாக வைத்தார்கள். எல்லோரும் கதவைத் திறந்து திறந்து பார்த்தார்கள். ஏழாம் நம்பர் கோப்பை கல்லாகக் கிடந்தது. மற்ற ரெண்டும் வெயிலில் ஆடிக்கொண்டிருந்தன, உறையவே இல்லை.

தீஹன் படியிலேயே உட்கார்ந்துவிட்டான். "கழுவுன தண்ணி," என்றான். "ஐயோ, டேங்க் கழுவுன தண்ணி!"

நடந்தது இதுதான். லாரியின் டேங்க்கை வருஷாந்திரச் சோதனைக்கு முன்னால் கராஜில் வெந்நீர் விட்டுக் கழுவினார்கள். கழுவின தண்ணீரை அடிக்குழாய் வழியாக வடிக்க வேண்டும். தீஹன் வடித்திருப்பான் என்று கழுவினவன் நினைத்தான். கழுவினவன் வடித்திருப்பான் என்று தீஹன் நினைத்தான். கிடங்கில் மெத்தனால் ஏற்றும் முன் அடிக்குழாயைத் திறந்து பார்ப்பது ஓட்டுநரின் வேலை. அன்றைக்குக் கடையில் மாண்டரின் ஆரஞ்சு வந்திருந்தது. ரிம்மாவுக்கு மாண்டரின் என்றால் உயிர். வரிசையில் நின்று வாங்கிக்கொண்டு ஓடி வந்ததில் அவன் திறந்து பார்க்கவில்லை. கனமான தண்ணீர் அடியில் கிடந்தது, மெத்தனால் அதிகம் கலக்காமல் அதன் மேலே அலுங்காமல் போய் உட்கார்ந்தது. முதலில் நின்ற இடம் ஏழாம் நம்பர். அடிக்குழாயைத் திறந்ததும் அந்தத் தண்ணீர்தான் முழுக்க இறங்கியது. ஒரு சொட்டு மெத்தனாலும் எங்கும் போகவில்லை.

அந்த ஆரஞ்சில் பாதியை ரிம்மா ஏற்கெனவே தின்றுவிட்டிருந்தாள்.

சாயங்காலம் இல்யிச்சே ரேடியோவில் பேசினார். குறையவில்லை, யாரும் எடுக்கவில்லை, கழுவின தண்ணீர், என்றார். ஆனால் முதல் சேதியைச் சொன்னது ரிம்மா, ரெண்டாவதைச் சொன்னது அதிகாரி. எது நிற்கும் என்று உங்களுக்கே தெரியும். "பொண்டாட்டியே சொன்னாளே," என்று சில நாள் பேசினார்கள். பிறகு அது கேலியாக மாறியது. "தீஹன், உங்க வீட்டு அம்மா பேச்சக் கேட்டு நல்ல வோட்காவக் கொட்டுனேன், எப்பத் தருவ?" என்பார்கள். அவன் தொப்பியை ஆட்டவில்லை. ரிம்மாவோடு சண்டையும் போடவில்லை. சண்டை போட்டிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அன்று சாயங்காலத்திலிருந்து வாசலில் நிற்காமல் நேராக உள்ளே போனான், சாப்பிட்டான், சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான். ஊது என்று சொல்ல அவளுக்கு நாக்கு வரவில்லை.

அடைப்பும் அசையவில்லை. அதை அவசரப்படுத்தவும் முடியாது. ஒரு பக்கம் மட்டும் அழுத்தத்தை இறக்கினால் போச்சு, மறுபக்கத்து அழுத்தம் அந்தக் கட்டியைக் குண்டு மாதிரித் தூக்கி அடிக்கும், குழாய் வளையும் இடத்தில் இரும்பே கிழியும். ரெண்டு பக்கமும் சமமாக, கொஞ்சம் கொஞ்சமாக இறக்க வேண்டும். அழுத்தம் போகப் போக வாயு தன் அறையை விட்டுத் தானே கிளம்பும், வீடு தண்ணீராகக் கரையும். அதுவரை உட்கார்ந்திருக்க வேண்டும். ரிம்மா உட்கார்ந்திருந்தாள். வால்வைக் கால் திருப்பு, பிறகு முள், பிறகு மறுபடியும் கால் திருப்பு. வாழ்க்கையில் முதல் தடவையாக அவளுக்கு அந்த வேலை சீக்கிரம் முடிய வேண்டாம் என்றிருந்தது. முடிந்தால் வீட்டுக்குப் போக வேண்டும்.

"மன்னிப்புக் கேட்டீங்களா கவ்ரிலொவ்னா?" என்றாள் நஸீரா.

"எதுக்குக் கேக்கறது? சொன்னது தப்புன்னா? நாளைக்கே இன்னொரு கோப்பை உறைஞ்சா திரும்பவும் போய்ச் சொல்லுவேன்."

"அப்ப எதுக்கு அழறீங்க?"

"சந்தேகப்பட்டேனே, அதுக்கு. சொல்லாம இருக்க முடியாது. ஆனா ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், அவன் செஞ்சிருக்க மாட்டான்னு எனக்குத் தோணியிருக்கணுமில்ல? தோணலடி."

அடுத்த வாரக் கடைசியில் குழாய்க்குள் ஒரு முனகல் கேட்டது, பிறகு சரசரவென்று சத்தம். முள் அசைந்தது. நிலையத்தின் முனையில் குழாயைத் திறந்தபோது மிச்சக் கட்டிகள் வெள்ளையாக, ஈரப் பனி மாதிரி விழுந்தன. நஸீரா ஒன்றைத் தள்ளி எடுத்துப்போய்த் தகரத்தில் வைத்துத் தீக்குச்சி கிழித்தாள். பனி எரிந்தது. எரிந்துகொண்டே தண்ணீராகச் சொட்டியது. அங்கிருந்த எல்லோரும் நூறு தடவை பார்த்ததுதான், ஆனாலும் நின்று பார்த்தார்கள்.

தீஹன் புது மெத்தனாலோடு வந்திருந்தான். வண்டியை நிறுத்தியதும் யாரும் சொல்லாமலே அடிக்குழாயைத் திறந்து ஒரு கோப்பை பிடித்தான், ஏழாம் நம்பர் படியில் வைத்தான், பக்கத்தில் உட்கார்ந்தான். அது உறையாது என்று எல்லோருக்கும் தெரிந்த பிறகும் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தான். ரிம்மா ஜன்னல் வழியாகப் பார்த்தாள். வெளியே போகத் துணிச்சல் வரவில்லை.

அன்று சாயங்காலம் அவள்தான் முதலில் வீடு வந்தாள். உருளைக்கிழங்கு வறுத்து, உப்பு மீன் வெட்டி வைத்தாள். படியில் அவன் பூட்ஸ் சத்தம் கேட்டது. கதவைத் திறந்துவிட்டு, வாசலை விட்டு விலகி, முகத்தையும் திருப்பிக்கொண்டாள்.

"கை கழுவிட்டு வா. ஆறிடும்."

அவன் உள்ளே வரவில்லை. வாசலிலேயே நின்றான்.

"ரிம்மா."

"வேணாம் தீஷா. இனிமே நான் கேக்க மாட்டேன். சத்தியமா கேக்க மாட்டேன். நான் உன்னை நம்பறேன்."

"இந்த வாரம் ரெண்டு தடவை கடை வாசல் வரைக்கும் போனேன்," என்றான் தீஹன். "வீட்டுல யாரும் கேக்கப் போறதில்லன்னு தெரியும். அதான் போனேன். வாங்கல. ஆனா போனேன்."

ரிம்மா திரும்பினாள்.

அவன் தொப்பியைக் கழற்றிவிட்டு, எப்போதும் போலக் குனிந்து, முகத்தை அவள் முகத்துக்கு நேராகக் கொண்டுவந்தான்.

"நம்பறேன்னு சொல்லி என்னைத் தனியா விட்டுறாத. கேளு."

அவன் சட்டைக் காலரை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"ஊது," என்றாள்.